கயித்தானின் பாடு

மாவனல்லை மலையடிவாரத்தில் வளர்ந்தவளுக்குக் கடற்காற்றோடு மல்லுக்கட்டத் தெரியாது. ஆலங்குடாவைத் தாண்டி, தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஸும்ராவின் முக்காட்டைக் காற்று ஒரு பக்கம் இழுத்தது, பெட்டியை மணல் ஒரு பக்கம் இழுத்தது. ஆட்டோக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மட்டக்களப்பில் நாடகம் படித்து முடித்தவளுக்குக் கிடைத்த முதல் நியமனம் அது. அந்தப் பள்ளியில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்க அதுவரை ஆள் இருந்ததில்லை. சங்கீதத்துக்குக் கத்தரினா மிஸ் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஊர்க்காரி, ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராதவர்.

நாடக வகுப்புக்கு ஒதுக்கிய இடம், பள்ளியை விட்டுத் தள்ளிக் கடலுக்கு நேரே நின்ற நீண்ட தகரக் கொட்டில். ஒரு காலத்தில் அது வாடி. கரைவலை இழுக்கும் ஆட்கள் தங்கவும் வலை போட்டு வைக்கவும் கட்டியது. வலைச் சொந்தக்காரர் எமிலியான் சம்மாட்டி அதைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். அவருடைய ஒரே மகள் யூஜீனியா அந்த வகுப்பில் படிப்பதால்தான் அந்தத் தானம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர்ப் பேச்சு எப்போதும் பாதியில்தான் நிற்கும்.

கதவைத் தள்ளியதும் ஈரக் கயிற்றின் மணம் வந்தது. தரை காய்ந்திருந்தது, தகரம் வெயிலில் கொதித்தது, ஆனால் அந்த மணம் மட்டும் இப்போதுதான் கடலிலிருந்து தூக்கி வைத்ததுபோல் இருந்தது. உப்பு, அழுகிய தும்பு, அதற்கடியில் இரும்பின் வாடை. ஸும்ரா சன்னல்களைத் திறந்துவிட்டாள். மணம் போகவில்லை.

யூஜீனியாவின் குரலை முதல் வகுப்பிலேயே அவள் கண்டுகொண்டாள். மெலிந்த பெண், தலை குனிந்தே நிற்பாள். வாயைத் திறந்தால் கொட்டில் நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பரீட்சையில் ஏ எடுத்தால் பார்க்கலாம் என்று தகப்பன் சொல்லியிருந்தார்.

"பாடு மகள்" என்றாள் ஸும்ரா.

வகுப்பே கடல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

யூஜீனியா மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், இங்க பாட்டுப் படி எண்டுதான் சொல்ற. மற்றச் சொல்லை இந்தக் கொட்டிலுக்குள்ள ஒருத்தரும் சொல்றதில்ல."

ஸும்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய ஊரிலும் பாட்டுப் படி என்றுதான் சொல்வார்கள். அதைத் திருத்தித் திருத்தித்தானே அவள் பட்டம் வாங்கியது! பாடத்தைப் படிப்பது, பாட்டைப் பாடுவது என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தாள். அதோடு விட்டாளா? குரற்பயிற்சி என்று சொல்லி, எல்லாரையும் சன்னலோரம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல்லைக் கடலுக்கு மேலே எறியச் சொன்னாள்.

பிள்ளைகள் தயங்கித் தயங்கி எறிந்தார்கள். பாடு.

சற்றுப் பொறுத்து, கடலிலிருந்து அது திரும்பி வந்தது. பாடு.

எதிரொலி நல்லாயிருக்கு என்று ஸும்ரா கைதட்டினாள். மலைநாட்டுக்காரி அல்லவா! மலை எதிரொலிக்கும். வெட்டவெளிக் கடல் எதிரொலிக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

செயன்முறைப் பரீட்சைக்கு அவள் தெரிந்தெடுத்தது கரைவலைக் காட்சி. ஒருத்தி முன்னின்று அம்பாப் பாட்டெடுக்க, மற்றவர்கள் "ஏலோ" என்று ஏற்றுப் பாடிக்கொண்டு வலைக்கயிற்றை இழுப்பது. ஊரின் தொழில், ஊரின் பாட்டு. பரீட்சகர் மயங்கிவிடுவார் என்று நம்பினாள். கொட்டிலின் கூரை வளையில் கறுத்துப்போன பெரிய தும்புக்கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது. வகுப்புப் பையன் ஹில்மி ஏறி அதை இறக்கினான். இறக்கும்போது அது நனைந்திருந்தது.

கத்தரினா மிஸ் கொட்டிலுக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றபடி கயிற்றைப் பார்த்துவிட்டு, கயிறு வேண்டாம், கையால் இழுப்பதுபோல் காட்டினாலே போதுமே என்றார். அசல் பொருள் கையில் இருந்தால்தான் அசல் நடிப்பு வரும் என்று ஸும்ரா பாடம் சொன்னாள். கத்தரினா மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, வெளியே மணலில் நின்ற எமிலியான் சம்மாட்டியைக் கண்டதும் அதை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். சம்மாட்டி அந்தக் கிழமை முழுவதும் ஹோட்டல் கட்ட வந்த ஆட்களோடு கரையை அளந்துகொண்டிருந்தார்.

பள்ளி விட்ட பிறகு ஒத்திகை தொடங்கியது. காற்று தகரத்தை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையைக் கடற்புற வாசலுக்கு வெளியே மணலில் சும்மா போட்டிருந்தார்கள். மறுமுனையைப் பிடித்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். யூஜீனியா கயிற்றோரமாக வாசலில் நின்று பாட்டெடுத்தாள்.

"வாடைக் காத்தே வழிவிடு..."

"ஏலோ!"

"வலையில பாரம் ஏத்திவிடு..."

"ஏலோ!"

மூன்றாம் இழுவையில் கயிறு விறைத்தது.

ஸும்ரா பூரித்துப் போனாள். வெறும் கயிற்றை இழுத்துப் பாரத்தை இப்படிக் காட்டுகிறார்களே! காலை ஊன்றுகிறார்கள், கழுத்து நரம்பு புடைக்கிறது, குதிகால் தரையில் வழுக்குகிறது. இதைத்தானே மூன்று வருடம் படித்தோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஹில்மியின் கையைப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போய்க்கொண்டிருந்தது. இரத்தம் முழங்கைவழி ஒழுகியது. அவன் அழுதுகொண்டே இழுத்தான். அழுதுகொண்டே "ஏலோ" என்றான்.

"விடு மகன், கயித்த விடு!"

"விடேலாம இருக்கு, டீச்சர்."

கடல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டையில் தண்ணீர் நிறைந்த ஆணின் குரல்.

பாடு.

பிள்ளைகளின் வாய்கள் தாமாகத் திறந்தன. பாட்டு உரத்தது. வெளியே கிடந்த கயிற்று முனை மணலிலிருந்து எழுந்தது.

யூஜீனியா திரும்பக்கூட இல்லை. கயிறு அவள் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. "ஏலோ" என்று பிள்ளைகள் இழுக்க, அவள் வாசல் நிலையில் மோதி, நெற்றி பிளந்து, கால்கள் தரையை விட்டு எழும்பின. இன்னொரு "ஏலோ". அவள் விரல்கள் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைந்தன. நகமொன்று பிய்ந்து விழுந்தது. ஸும்ரா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பல்லால் கடித்தாள். வாயெல்லாம் உப்பும் இரத்தமும். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று அவள் கதறியது பாட்டுக்குள் அமுங்கிப்போனது.

கத்தரினா மிஸ் வாசலுக்கு ஓடிவந்தார். பின்னாலேயே சம்மாட்டி. மகளைக் கண்டதும் அந்த மனிதர் மாடுபோல் அலறிக்கொண்டு கயிற்றில் பாய்ந்தார். அது அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. முன்பல் இரண்டு தரையில் விழுந்தன.

பாடு.

கத்தரினா மிஸ் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். முகத்துக்கு நேரே கேட்டார்: "சொல்லு, எமிலியான். அது ஆர்ர பாடு?"

மகளின் முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், வெளியே ஹோட்டல்காரர் நட்டுவிட்டுப் போயிருந்த தடிகளையும் பார்த்தார். பெற்ற பிள்ளை தூக்கில் தொங்கும்போதும் கணக்குப் பார்க்கிற மனிதர் இருக்கிறார் என்பதை ஸும்ரா அன்று கண்ணால் கண்டாள். யூஜீனியாவின் கால் உதறல் நின்ற பிறகுதான் அவர் வாய் திறந்தது.

"உன்ட பாடுதான். எடு. என்ட புள்ளைய விடு."

கயிறு தளர்ந்தது. யூஜீனியா பொத்தென்று விழுந்தாள். பிள்ளைகளின் கைகள் விரிந்தன.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்துதான் கத்தரினா மிஸ் கதையைச் சொன்னார். ஸும்ராவுக்கு அதுவரை அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். அந்தக் கரையில், கரைவலை வளைக்கும் கடற்கரைத் துண்டுக்குப் பாடு என்று பெயர். இன்னாருடைய பாடு, இன்னாருக்கு உரிமை என்று தலைமுறையாக வருவது. கொட்டிலுக்கு முன்னால் இருக்கும் பாடு கயித்தான் என்பவனுடையது. அம்பாப் பாட்டெடுப்பதில் அவனை மிஞ்ச அந்தக் கரையிலேயே ஆள் இல்லையாம். எமிலியான் கள்ள உறுதிப் பத்திரம் முடித்து அதைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டு வலையை இறக்கினார். யுத்தக் காலம், முறையிடப் போனால் கேட்பார் இல்லை.

அந்த வாடைக்காலக் காலையில் கயித்தான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வலைக்கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். எமிலியான் வள்ளத்தில் இருந்தார். குனிந்து, கயிற்றை அவன் கழுத்தில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டுக் கரைக்குக் கைகாட்டினார், இழுக்கச் சொல்லி.

"அவன் என்ட பாடு, என்ட பாடு எண்டு கத்தியிருக்கான். காத்து கடலுக்கு அடிச்சது, தங்கச்சி. கரைக்குப் பாடு, பாடு எண்டு மட்டும்தான் கேட்டது. படிக்கச் சொல்றான் எண்டு நினைச்சு எல்லாரும் படிச்சாங்க. அவன் கத்தக் கத்த இன்னும் உரத்துப் படிச்சு இழுத்தாங்க. என்ட அப்பாதான் அம்பா எடுத்தவர். நான் தேத்தண்ணி வாளியோட பக்கத்துல நிண்டன்."

கயிறு கரைக்கு வந்தது. உடல் வந்தது. தலை வரவில்லை.

பல நாள் தேடினார்கள், தலை கிடைக்கவில்லை. விபத்து என்று முடித்தார்கள். கயித்தானின் பெண்சாதி றோசமேரி எலுவன்குளத்துக்குப் போய் வயற்கூலிக்கு நிற்கிறாள். அன்றையிலிருந்து அந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. "நீங்கதான் எல்லாப் புள்ளைகளையும் நிப்பாட்டிக் கூப்பிட வச்சீங்க" என்றார் கத்தரினா மிஸ். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் ஸும்ராவைக் கொன்றது.

இருவருமாகக் கயிற்றை மண்ணெண்ணெய் ஊற்றிக் கரையில் எரித்தார்கள். தும்பு எரியும் மணம் வரவில்லை. முடி கருகும் நாற்றம்தான் வந்தது.

யூஜீனியா பிழைத்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுத்த வடு விழுந்தது, குரல் கரகரத்துப் போனது. சம்மாட்டி ஒரு கிழமை கோயிலே கதியென்று கிடந்தார். தலவிலைத் திருத்தலத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். பிறகு அந்தக் கரையை ஹோட்டல்காரருக்கு எழுதிக்கொடுக்க நாள் குறித்தார். றோசமேரிக்குக் கொடுங்கள் என்று ஸும்ரா அவருடைய வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள். அவர் பல் போன வாயைக் காட்டிச் சிரித்தார்.

"பயத்துல சொன்ன சொல்லு, டீச்சர். செத்தவனுக்கு உறுதி எழுத ஏலுமா?"

பரீட்சை புத்தளம் டவுனில், கடல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்டபத்தில் நடந்தது. வேறு காட்சி பழக்க நாளில்லை. கயிறு கிடையாது, வெறும் கையால்தான் காட்டப்போகிறார்கள். அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஸும்ரா பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உடைந்த குரலோடாவது நிற்பேன், இந்தப் புள்ளி இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் இல்லை என்று யூஜீனியா பிடிவாதமாக வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊருக்குக் காட்டுவதற்காகச் சம்மாட்டியும் வந்து கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் யோசித்த ஸும்ரா ஒன்றை மறந்துவிட்டாள். பரீட்சகர் வெளியூர்க்காரர்.

நல்ல மனிதர். யூஜீனியாவின் கழுத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, பயப்படாமல் நிற்கச் சொன்னார். பேனையைத் திறந்தார்.

"ம். பாடு மகள்."

ஸும்ரா எழுந்தாள். அதற்குள் யூஜீனியாவின் வாய் திறந்துவிட்டது.

"வாடைக் காத்தே வழிவிடு..."

"ஏலோ!"

வெறுங்கைகள் இழுத்தன. வெறுங்கைகளுக்கு நடுவிலிருந்து இரத்தம் சொட்டியது.

மண்டபத்தின் பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

எமிலியான் சம்மாட்டி கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த "ஏலோ"வுக்குக் குப்புற விழுந்தார். அடுத்ததற்குக் கதிரைகளுக்கு நடுவே, அவற்றையெல்லாம் தட்டிக் கவிழ்த்துக்கொண்டு, மேடையை நோக்கி இழுபட்டு வந்தார். நெற்றி தரையில் இடித்து இடித்து வந்தது. கதிரைக் கால் ஒன்று கண்ணைக் கிழித்தது. கழுத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் தோல் குழிந்து, பிளந்து, பிளவு வட்டமாக ஓடியது. பரீட்சகர் மேசைக்கடியில் ஒளிந்தார். ஸும்ரா ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் ஓடி ஓடிப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கிடையில் பாட்டு வந்தது.

"பப்பா" என்று யூஜீனியா பாட்டுக்கு நடுவே விம்மினாள். அவளுடைய கைகள் நிற்கவில்லை.

மேடையோரம் வந்து சேர்ந்தபோது அவர் அசையவில்லை. தலை தோளிலிருந்து தவறான பக்கம் திரும்பிக் கிடந்தது.

பாட்டு நின்றது. யாரோ ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது.

யூஜீனியா தகப்பனின் பக்கத்தில் முழந்தாளிட்டாள். ஒரே மகள், இனி அந்தக் கரை அவளுடையது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. கதவு திறந்து கிடந்த பக்கம் பார்த்து, உடைந்த குரலில் சொன்னாள்: "உங்கட பாடு உங்களுக்குத்தான். றோசமேரி மாமிக்கு எழுதிக் குடுக்கிறன். பப்பாவைப் போலப் பொய் சொல்ல மாட்டன்."

மண்டபம் அமைதியானது. பிள்ளைகளின் தோள்கள் தளர்ந்தன. ஸும்ரா ஓடிப்போய் யூஜீனியாவைக் கட்டிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனிப் போய்விடுவான் என்று அவள் காதில் சொன்னாள். அப்படியே நம்பவும் செய்தாள்.

ஈரக் கயிற்றின் மணம் வந்தது.

"பாடு" என்றது குரல். இந்த முறை கோபம் இல்லை. கெஞ்சலாக இருந்தது.

கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு என்று ஸும்ரா திகைத்தாள். யூஜீனியாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் டீச்சரின் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

இந்த முறை அவன் கேட்டது பாட்டைத்தான்.

"வாடைக் காத்தே வழிவிடு..."

பிள்ளைகளின் இரத்தக் கைகள் தாமாக எழுந்தன. சம்மாட்டி அங்கேயே கிடந்தார். ஆனால் கைகளில் இன்னும் பாரம் இருந்தது. வாசலுக்கு வெளியே, ரோட்டுக்கு அப்பால், கடல் இருக்கும் திசையிலிருந்து, அன்றைக்குக் கரைக்கு வராமல் போன எதுவோ தரையில் உருண்டும் உரசியும் வந்துகொண்டிருந்தது.

"ஏலோ!"

ஒவ்வொரு இழுவைக்கும் அது கிட்ட வந்தது.

"ஏலோ!"

வாசற்படியில் முட்டி நின்றது. படியின் விளிம்பில் உப்புத்தண்ணீர் மெல்லக் கசிந்து உள்ளே ஒழுகியது.